பெல் தைத்த போர்வை

ஏழு நாள் என்று அம்மா சொன்னாள். ஏழு நாளும், அப்பா அழுத்துகிற ஒவ்வொரு தடவையும், கீழே தையல் கூடத்தில் பெல் அடிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஏழு முடிந்தால் நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பலாம்.

அவள் அதைச் சொன்னது மாதத்தின் இரண்டாம் தேதி. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்த கெடு முப்பது. அதற்குள் அம்மா கையெழுத்துப் போட்ட படிவத்தோடு போய் நிற்காவிட்டால் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிடுவார்கள். இருபத்தெட்டு நாளில் நான்கு ஏழு இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்று. கணக்கில் நான் எப்போதும் கெட்டி. நான்கில் ஒன்று என்பது சுலபமாகத்தான் தோன்றியது.

நாங்கள் இருப்பது நான்காவது மாடியில், ஒரு அறையும் ஒரு சமையலறையும். தரைத்தளத்தில் தையல் கூடம். அம்மாவுக்கு அங்கேதான் வேலை. தைத்து முடிந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைப் பிசிர் என்பார்கள். அவற்றை வெட்டுவது அவள் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தரி ஒன்று, ரப்பர் வளையத்தில் அவள் சுண்டுவிரலோடு மாட்டியிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மறந்துவிடுவாள். சட்டையைத் திருப்புவாள், டிக், டிக், டிக், அடுத்தது. கண் பார்ப்பதற்கு முன்னால் அவள் கை வெட்டிவிடும் என்று கூடத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

அப்பா பஸ் ஓட்டினவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரைப் பிடித்தபடி சரிந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை இருக்கிறது. ஆனால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. கையைத் தூக்கிப் போடுவார், இழுப்பார், அவ்வளவுதான்.

முதல் மாதம் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் காலை அவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். கத்த முடியாது. கீழே முப்பது மிஷின் ஓடுகிறது. ஒரு மணிக்கு அம்மா சாப்பாடு ஊட்ட மேலே வரும் வரை தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். தரையின் கோடு அவர் கன்னத்தில் சாயங்காலம் வரை இருந்தது. மறுநாள் நான் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. நான் இயல்பாகவே வாய் திறக்காத ஆள். பேச முடியாதவருக்குப் பேசாதவளைத் துணை வைத்ததில் அந்த அறையில் கடிகாரம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

அம்மா ஏற்கெனவே கம்பியில்லாத காலிங் பெல் ஒன்று வாங்கிப் பார்த்தாள். அழுத்துகிற பொத்தான் இங்கே, அடிக்கிற பெட்டி அவள் மேஜைக்கு மேலே. பெல் நல்ல பெல், குருவி கத்துகிற மாதிரி கத்தும். பொத்தான்தான் விரல் நுனி அளவு. அப்பா அதைத் தேடி ஈ அடிப்பதுபோல் கட்டிலெல்லாம் அடிப்பார். அது மட்டும் கைக்குள் வராது. நாலு நாளில் அதை அலமாரிக்குள் தூக்கிப்போட்டாள்.

ஒரு மத்தியானம் வேலையில்லாமல் அந்தப் பொத்தானைப் பிரித்தேன். உள்ளே இரண்டு சின்னத் தகடுகள். ஒன்றை ஒன்று தொட்டால் கீழே குருவி கத்துகிறது. இவ்வளவுதானா என்றிருந்தது. தொட வேண்டியது இரண்டே இரண்டுதான் என்றால், அது ஏன் விரல் நுனி அளவில் இருக்க வேண்டும்? சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தால் என்ன? போர்வை அளவில் இருந்தால்தான் என்ன? அப்பா தேடவே வேண்டாம். கை எங்கே விழுகிறதோ அங்கே பெல்.

வீட்டில் இருந்ததைக் கொண்டே செய்தேன். சமையலறையில் மீதமிருந்த அலுமினியத் தாளை இரண்டு துணியில் ஒட்டி, நடுவில் ஒரு பஞ்சு அட்டை வைத்தேன். சட்டைத் தோள்பட்டைக்குள் வைக்கிற பஞ்சு அது. கூடத்தின் கழிவு மூட்டையில் கிடைத்தது. அதில் பட்டன் அளவில் ஓட்டைகள் வெட்டினேன். அழுத்தாதபோது பஞ்சு இரண்டையும் பிரித்து வைக்கும். அழுத்தினால் ஓட்டை வழியாக மேல் தாள் கீழ்த் தாளைத் தொடும். இரண்டு தாளிலிருந்தும் கம்பி இழுத்துப் பொத்தான் பெட்டியின் தகடுகளில் கட்டினேன். அப்பாவின் மடியில் வைத்தேன். அவர் கை தொப்பென்று விழுந்தது. நாலு மாடிக்குக் கீழே குருவி கத்தியது.

அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். வாயில் பாதி மட்டும் சிரித்தது. அன்றைக்குத்தான் அவள் ஏழு நாள் என்று சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: எண்ணுகிற நாட்களில் பள்ளிக்கூட நேரம் முழுக்க நான் அறைக்குள் இருக்கக்கூடாது. "உள்ள உக்காந்துக்கிட்டு பெல்லைச் சோதிச்சா அது சோதனையா? வெளிய போய் உக்காரு." எனவே மாடிப்படியில், புத்தகத்தோடு.

அலுமினியத் தாள் இரண்டு நாள் வந்தது. நாலாம் தேதி அப்பா புரண்டதில் தாள் மடிந்த இடமெல்லாம் விரிசல் விட்டு, துணிக்குள் சருகு மாதிரி நொறுங்கிக் கிடந்தது.

அடுத்து பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார். அதைச் சுருள் சுருளாகப் பிரித்துத் துணியில் வைத்துத் தைத்தேன். என் விரல் பத்தும் சல்லடை ஆனது. அது அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. சுருளின் நுனிகள் பஞ்சைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்த் தொட்டுவிட்டன. அப்பா தூங்குகிறார், கீழே குருவி கத்துகிறது. அம்மா ஒரே காலையில் பதினோரு தடவை நாலு மாடி ஏறினாள். சூப்பர்வைசர் அவளிடம், "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல இவ்வளவு பாசம்னு எங்களுக்குத் தெரியாம போச்சே" என்றாராம். கூடமே சிரித்ததாம். சாயங்காலம் அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இதைச் சொன்னபோது, அவள் சிரிக்கவில்லை. நாரை அன்றே பிரித்து எறிந்தேன். அப்பாவின் கையில் பூனை பிறாண்டினதுபோல் கோடுகள்.

பிறகு பழைய இயர்போன் கம்பி. உள்ளே தலைமுடி போல மெல்லிசான செம்புக் கம்பிகள், பார்க்கவே அழகு. ஊசியில் கோர்த்துத் தைக்கக்கூட வந்தது. மூன்று நாள் தைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிரித்துத் தைத்தேன். சத்தமில்லை. பேட்டரி மாற்றினேன். சத்தமில்லை. பன்னிரண்டாம் தேதி ஆத்திரத்தில் ஒரு கம்பியை அடுப்பில் காட்டினேன். அது சடசடத்துக் கருகி ஒரு நாற்றம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்த அழகெல்லாம் மேலே பூசியிருந்த பூச்சு. பூச்சுக்குள் செம்பு தனியாகப் பத்திரமாக இருந்திருக்கிறது, யாரையும் தொடாமல். என்னை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. முழுக் கம்பியையும் சுரண்டப் போனால் அறுந்து அறுந்து வந்தது.

தெருமுனையில் போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அதன் முன்னால் இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். செத்துப்போன சார்ஜர் வயர் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்.

"தைக்கணும்ணா."

"எதை?"

"வயரை."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தையல் கடை எதிர்ல இருக்கு பாப்பா" என்றார். நான் அங்கேயே நின்றேன். நான் போகமாட்டேன் என்று தெரிந்ததும் ஒரு பை நிறையக் குப்பை வயரைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட, என்னைத் தொலைத்துக்கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சார்ஜர் வயருக்குள் பூச்சில்லாத செம்பிழைகள் கொத்தாக இருந்தன. மூன்று இழையை எடுத்துத் தையல் நூலோடு சேர்த்து முறுக்கினேன். நூல் பலம் கொடுத்தது, செம்பு தொடர்பு கொடுத்தது. இரண்டு துணியிலும் அதைக் கோடு கோடாகத் தைத்து, ஓரத்தில் பிரஸ் பட்டன் வைத்து, போர்வையைத் துவைக்கும்போது கழற்றுகிற மாதிரி செய்தேன். பொத்தான் பெட்டியைக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். போர்வைக்கும் பெட்டிக்கும் நடுவில் மட்டும் நாலு விரல் நீளத்துக்கு நூலைத் தொய்வாக விட்டேன். அப்பா போர்வையை இழுத்தால் இறுக்கமான நூல் அறுந்துவிடும். தொய்வு இருந்தால் கொடுக்கும். அந்தத் தொய்வு நூல் செம்பு நிறத்தில் பளபளவென்று அசிங்கமாகத் தெரிந்தது. பிசிர் வெட்டுகிறவளின் மகள் அப்படி விடலாமா? போர்வையின் பழுப்பு நிறத்திலேயே நூல் எடுத்து அதன் மேல் நெருக்கமாகச் சுற்றினேன். ஒரு மணி நேரம் ஆனது. முடித்துப் பார்த்தால் போர்வையின் நூல் எது, என் நூல் எது என்று எனக்கே தெரியவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பதின்மூன்றாம் தேதி அடித்தது. ஒவ்வொரு தடவையும் அடித்தது. அப்பாவுக்கு ஹாரன் திரும்பக் கிடைத்த மாதிரி. பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கிற பெல் கணக்கையே பிடித்துக்கொண்டார்: ஒன்று என்றால் நிறுத்து, அதாவது வா. இரண்டு என்றால் போகலாம், ஒன்றுமில்லை. நாலைந்து என்றால் முதுகு அரிக்கிறது. அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு கேட்டால் அவள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லையாம்.

காலண்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன். பதினாறாம் தேதி பெல் அடிக்கவில்லை.

தொய்வு நூல் இரண்டில் ஒன்று அறுந்திருந்தது. அப்பா இழுத்திருப்பார் என்று நினைத்தேன். புது நூல் முறுக்கி, இன்னும் கொஞ்சம் தொய்வு விட்டு, மேலே இன்னும் அழகாகச் சுற்றினேன். பதினேழிலிருந்து எண்ணினேன். பத்தொன்பதாம் தேதி மறுபடி அதே இடம். செம்பு வளைந்து வளைந்து அறுகிறது போல என்று இழையை நாலாக்கினேன். அப்பா நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தொண்டையில் ஒரு சத்தம் போட்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீரா என்று கேட்டேன். கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். எனக்கும் கோபம் வந்தது. "இருங்கப்பா, உங்களுக்காகத்தானே செய்யறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

இருபதிலிருந்து மறுபடி ஒன்று. எனக்கு மீதமிருந்தது ஒரே ஏழு, மேலே நாலு நாள். மாடிப்படியில் உட்கார்ந்து கீழே குருவி கத்துவதை எண்ணினேன். புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஐந்து நாள் திறந்து வைத்திருந்தேன். மூன்று. நாலு. ஐந்து. காலண்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் என் பள்ளிச் சீருடையை எடுத்து, கீழ் மடிப்பைப் பிரித்து நீளமாக்கி வைத்தாள். ஏழு மாதத்தில் நான் வளர்ந்துவிட்டேன்.

ஆறாவது நாள், இருபத்தைந்தாம் தேதி, காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பா தூங்குகிறார் என்று படியிலேயே இருந்தேன். பதினொன்றுக்கு உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். ஓடினேன். தண்ணீர் டம்ளர் தரையில் கிடந்தது. அப்பா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கியபடி, இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அந்தக் கை எவ்வளவு நேரமாக அப்படிப் பிடித்திருக்கிறதோ. தோளைக் கொடுத்து மேலே தள்ளினேன். பிறகு கீழே போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

அம்மா அப்பாவின் சட்டையை மாற்றினாள். கையைத் தேய்த்துவிட்டாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "போதும்டி. விளையாடினது போதும்." சீருடையை மடித்து அலமாரியின் மேல் தட்டில், பெல் கிடந்த இடத்தில், வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

போர்வையைக் கையில் எடுத்தேன். கிழித்து எறியலாம் என்றுதான் எடுத்தேன். அறுந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இழுத்து அறுந்த நூலின் முனை எலிவால் மாதிரி கூர்ந்து போகும். வெட்டின நூலின் முனை மொட்டையாக இருக்கும். அம்மாவின் வீட்டில் பிறந்த எவளுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான்தான் பார்க்கவில்லை. நாலு இழைச் செம்பும் நூலும் ஒரே மட்டத்தில், கொஞ்சம் சாய்வாக, மொட்டையாக இருந்தன.

காலண்டரைப் பார்த்தேன். பதினாறு, பத்தொன்பது, இருபத்தைந்து. மூன்று நாளைக்கு ஒருமுறை அம்மா காலையில் வேலைக்குப் போகும் முன் அப்பாவின் விரிப்பை மாற்றுவாள், போர்வையை உதறிப் போடுவாள். நடுவில் இருபத்திரண்டு வர வேண்டும். அன்று சரக்கு அனுப்பும் நாள். அம்மா விடியும் முன்பே கீழே போய்விட்டாள். விரிப்பை மாற்றியது நான். அதனால்தான் அந்தத் தடவை ஐந்து நாள் ஓடியது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். நான் போனால் அவளுக்குப் பயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, கத்தரியை எடுத்துவிட்டாள். அந்த நாள் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே நூலை மறுபடி முறுக்கினேன், கட்டினேன், பழுப்பு நூல் சுற்றினேன். தொய்வை வேண்டுமென்றே போர்வைக்கு மேலே, கண்ணில் படும்படி விட்டேன்.

மறுநாள் ஒரு மணிக்கு அம்மா சாப்பாடு ஊட்ட வந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். அவள் ஒரு வாய் ஊட்டினாள், சூப்பர்வைசர் காலையில் வழுக்கி விழப்பார்த்த கதையை அப்பாவிடம் சொன்னாள், அவர் வாய் ஓரத்தைத் துடைத்தாள், இன்னொரு வாய் ஊட்டினாள். கதையில் சூப்பர்வைசர் கம்பத்தைக் கட்டிப்பிடிக்கிற இடம் வந்தபோது அவள் வலது கை போர்வையின் ஓரமாகப் போனது. கண் அப்பாவின் முகத்தில்தான் இருந்தது. டிக், டிக். இரண்டு விரலில் நூலை எடுத்து, ஊதித் தரையில் விட்டாள். கதை நிற்கவே இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கிப் போர்வையில் போட்டார். கீழே ஒரு சத்தமும் இல்லை. மறுபடி போட்டார். தொண்டையில் அதே சத்தம் போட்டார், அன்றைக்கு நான் தண்ணீரா என்று கேட்ட சத்தம். மூன்று தடவையும் பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒரே சாட்சி அவர்தான். அவரிடம் நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

"இப்ப என்ன பண்ணினம்மா?" என்றேன்.

"என்ன பண்ணினேன்? ஊட்டறேன்."

"வலது கை என்ன பண்ணிச்சு?"

அவள் தன் கையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். குனிந்து அந்த நாலு விரல் நூலை எடுத்தாள். வெட்டின முனையில் செம்பு மினுங்கியது. அவள் முகம் மாறியதைப் பார்த்தபோது அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் என் வாய் நிற்கவில்லை. பதினாறு, பத்தொன்பது, இருபத்தைந்து என்று தேதி தேதியாகச் சொன்னேன். நேற்று அவர் தொங்கினதும் இதனால்தான் என்றேன். நாலு ஏழையும் தின்றுவிட்டாய் என்றேன். வேண்டுமென்றே செய்தாயா என்றும் கேட்டுவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். அப்பா கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டார்.

அம்மா கத்தரியை விரலிலிருந்து கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நீ போனா எனக்குப் பயம்தான். இல்லைன்னு சொல்லலை" என்றாள். "ஆனா அதுக்கு வெட்டலைடி. பிசிர் மாதிரி தொங்கிச்சு. கை வெட்டிருச்சு."

பிறகு அந்த நூலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குள் இருக்கிற வேலைக்காரி எழுந்துவிட்டாள். "இதை யாரு போர்வை கலர்ல சுத்தச் சொன்னா? செம்பாவே விட்டிருந்தா என் கண்ணுல பட்டிருக்கும். இவ்வளவு தொய்வு வெளிய தொங்க விட்டா எங்க செக்கிங்ல உன்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க."

குற்றம் என் மேல் வந்து விழுந்துவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் இன்னும் எரிச்சல். அவளுக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சுற்றிய நூல் அது.

"நாலு நாள்தான் இருக்கு" என்றேன். "நாலுல ஏழு போகாது."

அவள் தட்டைக் கழுவினாள், துடைத்தாள், கவிழ்த்தாள். காலண்டருக்கு முன்னால் போய் நின்று விரலால் எண்ணினாள். "மூணு ஓடிச்சு. நிறுத்தினது நான். அப்புறம் ரெண்டு. அதுவும் நான். அப்புறம் அஞ்சு. அதையும் நான்தான். பத்து நாள் அது ஓடியிருக்கு. ஏழு கேட்டேன்" என்றாள். படிவம் எங்கே என்று கேட்டாள். அவள் கையெழுத்துப் போடும்போது பேனா அவளுக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் கூடத்திலிருந்து ஒரு ஸ்டிக்கர் தாள் கொண்டுவந்தாள். சட்டையில் குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி. அதில் மூன்றை எடுத்துத் தொய்வைச் சுற்றி ஒட்டினாள். அப்பாவின் போர்வை இப்போது செக்கிங்கில் திரும்பி வந்த உருப்படி மாதிரி இருந்தது.

இரண்டு நாள் ஸ்டிக்கரோடு ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இருபத்தொன்பதாம் தேதி காலை சீருடையோடு வாசலில் நின்றேன். செருப்பை மாட்டினேன், கழற்றினேன், உள்ளே போய் பிரஸ் பட்டன்களை அழுத்திப் பார்த்தேன், வெளியே வந்தேன், திரும்ப உள்ளே போனேன். நான்காவது தடவை போனபோது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே கையைப் போட்டார். ஒன்று, இரண்டு. போகலாம். கீழே அம்மா நிச்சயம் தலையை நிமிர்த்தியிருக்கமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். டீச்சர் ஏதோ நடத்தினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தில் குருவிகள். ஒவ்வொன்று கத்தும்போதும் ஒன்று, வா. ஒன்று, வா என்று எனக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் இதற்காகத்தான் ஏங்கினேன். ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் நாலு மாடியையும் ஓடி ஏறினேன். அப்பா உட்கார்ந்திருந்தார், முதுகுக்குத் தலையணை வைத்து. அம்மா ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிராமலே சொன்னாள்: "ஸ்டிக்கர் விழுந்துருச்சுடி. காலைல அவரைத் துடைச்சுவிட வந்தேனா, பழையபடி கை போயிருச்சு."

நான் பையைக் கீழே போட்டேன்.

"இரு. பத்து மணிக்கு வெட்டினேன். பத்தேகாலுக்குக் கட்டிட்டேன். நீ பண்ணின மாதிரிதான், நாலு இழை, நூலோட முறுக்கி. அப்புறம் இருபது தடவை அடிச்சுட்டார். கேட்டுப் பாரு."

அப்பா கேட்கவிடவில்லை, அடித்துக் காட்டினார்.

நான் நம்பாமல் போர்வையைத் தூக்கி, அவள் கட்டின இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்பு நூலைச் சுற்றவில்லை. சிவப்பு நூல் சுற்றியிருந்தாள், குருடனுக்கும் தெரிகிற மாதிரி. முடிச்சைத் தடவினேன். தட்டையாக, விரலுக்கே தட்டுப்படாமல் இருந்தது. என் முடிச்சு ஒவ்வொன்றும் மிளகு அளவில் முட்டிக்கொண்டு நிற்கும். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நகத்தால் நெம்பினேன். பிரியவில்லை. ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாம் என்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஒரு மாதம் என் விரலெல்லாம் ஓட்டை விழுந்தது. அவளுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

"என்ன, சரியா இருக்கா?" என்றாள் அம்மா, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

"இருக்கு" என்றேன். நாளைக்குக் கொடுத்திருந்த வீட்டுப்பாடத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதல் கணக்கே புரியவில்லை.